சீதனக் காணியில் சிவப்புக் கட்டைகள்

யோகாவுக்கு ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. அதுவும் தம்பி சிறியின் மேல் வந்தால் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணப் பக்கம் முகமாலையில் அவளுக்குச் சீதனமாக வந்த தென்னங்காணியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். காணிக்குள் வரிசையாகக் கட்டைகள், தலையில் சிவப்புப் பூசியபடி.

"இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியேல்லை அக்கா. ஒருத்தரையும் அனுப்பிப்போடாதை" என்று போனிலும் சொன்னான்.

சிட்னியில், டூங்கபி வீட்டுக் குசினியில் நின்றபடி யோகா அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். சண்டை முடிந்து எவ்வளவு காலம்! கண்ணிவெடியைத் தடை செய்யும் உலக ஒப்பந்தத்தில் இலங்கையும் சேர்ந்தாயிற்று என்று தமிழ் வானொலியில் அவளே கேட்டிருக்கிறாள். தடை செய்த சாமானுக்கு அவளுடைய காணியில் என்ன வேலை? இவன் துண்டு போட்டு விற்க எல்லைக்கட்டை அடித்துவிட்டு, அக்காவுக்குப் பூச்சாண்டி காட்டுகிறான். 

மகன் சுபாங்கன் லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தான். "மாமாவுக்கு மூச்சு விடாமல் போய், அந்தக் கட்டையளைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு வா" என்றாள். ஞாயிறு விடியப் போவதாகச் சொன்னான்.

அந்த ஞாயிறு யோகா மேய்ஸ் ஹில் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நிரூபா என்ற பெண் வாசலில் படங்களை வைத்து ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தாள். முன்பு முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவளாம். இப்போது தடைக்காகப் பாடுபடும் அமைப்பொன்றில் வேலை.

"தடை செய்தாச்சுத்தானே பிள்ளை. பிறகென்ன, காசு சேர்க்கவோ?"

"காசு வேண்டாம் அன்ரி. சேராத நாடுகள் இருக்கு, சேர்ந்ததிலையும் சிலது விலகுது. அதோடை, கையெழுத்து வைச்சவுடனை மண்ணுக்குள்ள கிடக்கிறது செத்துப்போகுமே? ஒவ்வொண்டாய்த்தான் எடுக்கவேணும்."

யோகா நம்பவில்லை. இவளை மடக்கலாம் என்று போனை நீட்டினாள். "அப்ப இது ஆரின்ரை வேலை?"

நிரூபாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. "கண்ணிவெடி எடுக்கிற எங்கட ஆக்களின்ரை வேலைதான். சிவப்புக் கட்டைக்கு அங்காலை இன்னும் துப்பரவாக்கேல்லை. தாண்டிக் கால் வைக்கக் கூடாது அன்ரி."

 அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். யோகா மகனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். முருகா, முருகா என்று வாய்விட்டே கத்தினாள்.

மூன்றாம் தரம் எடுத்தான். "அம்மா, மாமா எனக்கு அடிச்சுப்போட்டார்!"

"எங்கையடா நிக்கிறாய்?"

"றோட்டிலை. முதல் கட்டையிலை கை வைச்சனான், ஓடிவந்து கன்னத்திலை ஒண்டு விட்டார். நான் வந்து இறங்கின நாளிலை இருந்து ஒவ்வொரு விடியவும் இங்கை வந்து காவல் நிக்கிறாராம்."

"நீ வருவாயெண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லையாம். 'கொம்மாவை எனக்குத் தெரியுமடா' எண்டார்."

யோகா வாசல் படியில் அப்படியே இருந்துவிட்டாள். இவ்வளவு காலமும் தம்பியின் மேல் அவள் பட்ட சந்தேகம் ஒன்றுகூடச் சரியில்லை. அவள்மேல் அவன் பட்ட ஒரே சந்தேகம்தான் சரியாக இருந்தது, அதனால்தான் பிள்ளை உயிரோடு நிற்கிறான். வெட்கத்திலும் நிம்மதியிலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மாமாட்டைப் போனைக் குடு" என்றாள்.