இருபது சொல்லுக்குள் ஓர் ஆள்

ஒன்லைன்காரி எழுதும் வரி சரியாக அமைந்துவிட்டால், அந்த வரியில் வருகிற ஆள் மறுநாள் காலை பத்தரை மணிக்குள் படக் கம்பெனியின் நான்காவது மாடிக்கு நேரில் வந்துவிடுவார். லிஃப்டில்தான் வருவார்கள். வரவேற்பறை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, முதலாளி கூப்பிடும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி கேட்பது ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்?" வந்தவர் ஒரே மூச்சில் பதில் சொன்னால் படம் எடுக்கப்படும். மென்று விழுங்கினால் திரைக்கதை பீரோவுக்குள் போகும். பதில் சொன்ன பிறகு படி வழியாக இறங்கிப் போய்விடுவார்கள். எங்கே போகிறார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை, அவரவருக்கு அவரவர் வேலை.

நூற்றிருபது பக்கத் திரைக்கதையை இருபது சொல்லுக்குள் சுருக்கிக் கொடுப்பதற்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தப்பும் தவறுமாக எழுதி ஆபீஸையே ஒரு வழி பண்ணினாள். 'ஒரு மனிதன்' என்று மொட்டையாக எழுதியபோது முகமே இல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தார்; தண்ணீர் கொண்டுபோனவர் தம்ளரை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார். அழகான, அறிவான, துணிச்சலான, அன்பான என்று அடுக்கியபோது வந்த பெண் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு கோட்டுப் போட்டிருந்தாள், வியர்த்து மயங்கி விழுந்தாள். ஆசைக்குக் குறுக்கே நிற்பது எது என்று அவள் எழுத மறந்த மாப்பிள்ளை வந்த வேகத்தில் எதிர்ச்சுவரைத் துளைத்துக்கொண்டு போனான்; சுவரைப் பூச இரண்டு நாள் ஆயிற்று. முடிவையும் சேர்த்து எழுதப்பட்ட போலீஸ்காரர் வந்ததும் வராததுமாகப் பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டார். இனி அவருக்கு என்ன வேலை பாக்கி? இப்படிப் பட்டுப் பட்டுத்தான் அவள் தொழிலைக் கற்றாள். ஆளுக்குப் பெயர் தேவையில்லை. செய்யும் தொழில், ஒரு குறை, ஓர் ஆசை, அதற்கு ஒரு தடை. இவை போதும்.

அவளுடைய வீட்டுக்காரர் லைட்மேன். கல்யாணமான பதினோராவது வருஷம், கடலோரப் படப்பிடிப்புக்குப் போன குழு பன்னிரண்டாம் நாள் திரும்பியது, அவர் மட்டும் திரும்பவில்லை. கேபிள்களையெல்லாம் ஒழுங்காகச் சுருட்டி வைத்தாராம், கையுறையைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாராம், கரையோரமாக நடந்து போனாராம். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் திட்டுவதற்காவது ஒரு பிடி இருந்திருக்கும். குளியலறையில் அவர் மாட்டிய பல்பு ஃபியூஸ் ஆகிவிடக்கூடாது என்று ஆறு வருஷமாக அவள் இருட்டிலேயே குளித்தாள்.

ஆறு வருஷமும் திங்கட்கிழமை தோறும் அவருக்காக ஒரு வரி எழுதினாள். செவ்வாய்க்கிழமை தோறும் யாராவது ஒருவர் வந்தார். 'வீட்டுக்குத் திரும்பும் வழியை மறந்த லைட்மேன்' என்று எழுதியதற்கு, அவருடைய கோடு போட்ட சட்டையில் வேறு ஒருவர் வந்து, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். 'வெளிச்சத்தை வெறுக்கத் தொடங்கிய லைட்மேன்' அவரைப் போலவே தோளைச் சாய்த்து நடந்தார், குரல் மட்டும் கீச்சென்று இருந்தது. இவர்களை அவள் முதலாளியிடம் அனுப்பவில்லை. தானே எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்பாள். "தெரியலைங்களே" என்பார்கள், தவறு செய்தவர்களைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதை எழுதியிருக்க வேண்டியவள் அவள்தான். அவருக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று தெரியும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்று தெரியும். எதற்கு ஆசைப்பட்டார் என்று மட்டும் பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது உறைத்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். போதாக்குறைக்கு அவர் முகம் வேறு மறந்துகொண்டு வந்தது. முதலில் மூக்கு போயிற்று, அப்புறம் புருவம். படம் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளவும் வழியில்லை. கல்யாணப் படம் உட்பட, எடுத்த படங்களிலெல்லாம் அவர் விளக்குக்குப் பின்னால் நின்றிருந்தார்.

முந்நூறுக்கும் மேற்பட்ட வரிகளைத் தட்டச்சு செய்து அலுத்துப்போன டைப்பிஸ்ட் பெண்தான் ஒரு திங்கட்கிழமை வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வரியில இவரு எதையுமே கேட்கலையே. வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்கிறது நீங்க. அப்புறம் எதுக்கு அவரைப் பிடிச்சு ஹீரோவா நிறுத்துறீங்க?"

"நானா? நான் என்னத்தைக் கேட்டேன்?"

"சரியாப் போச்சு, போங்க."

யாருக்கு ஆசையோ அவர்தான் கதைக்கு நாயகர் என்று, வருகிற எழுத்தாளர்களிடமெல்லாம் தொண்டை கட்டச் சொன்னவள் அவள். தன் விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள். காகிதத்தை இழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்: 'எல்லோருடைய ஆசையையும் எழுதிக்கொடுத்து நாற்காலியை விட்டு எழாத ஒருத்தி, சொல்லாமல் போன கணவரின் முகம் மறப்பதற்குள் அவரைத் தேடிப் புறப்படுகிறாள்.' பதினைந்து சொல்தான் ஆயிற்று.

மறுநாள் பத்து இருபதுக்கு லிஃப்ட் திறந்தது. அவளே வந்தாள். அதே நீலக் கைப்பை, அதே மூக்குக் கண்ணாடி, காலில் மட்டும் நடப்பதற்கு வாகான தடித்த செருப்பு. வரவேற்பறைப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பி வைத்தாள். முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டார். வந்தவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "அவரு எதுக்கு ஆசைப்பட்டாருன்னு அவர் வாயாலயே கேட்கணும். திட்டணும்னு இல்ல, கையோட கூட்டிட்டு வரணும்னும் இல்ல. எதிர்ல உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுடணும்." அந்தப் படத்தை எடுப்பதாக முதலாளி சொல்லவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை. வந்தவள் படி இறங்கினாள். இவள் ஜன்னலில் நின்று, அவள் தெருமுனையில் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, மேஜையில் காத்திருந்த நாலு திரைக்கதைகளில் மேலே இருந்ததைப் பிரித்தாள்.

அதன் பிறகு, உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குக் குதிகால் வெடித்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செருப்புகள் தேய்ந்தன. வெயிலில் போகாமலே கழுத்து கறுத்தது. நாக்கால் உதட்டைத் தடவினால் உப்புக் கரித்தது. டாக்டர் பாதத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைவாக நடக்கச் சொன்னார். சரி என்று தலையாட்டினாள். இப்படிப் பதினான்கு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, அவளுடைய வலது கையை யாரோ பற்றினார்கள். விளக்குச் சூட்டில் காய்த்துப்போன விரல்கள். பதினொரு வருஷம் பிடித்த கை, தெரியாமல் போகுமா?

"அவருதான்" என்றாள்.

டைப்பிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "கேட்டாச்சா அக்கா?"

"இல்லடி. ரெண்டு பேரும் இன்னும் வாயே திறக்கலை."

கண்ணில் நீர் வழிய, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து அவள் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிற்பகலில் முடிக்க வேண்டிய வரியை அவள் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தாள். சாயங்காலம் வரை அந்த வலது கை வேறு எந்த வேலைக்கும் வரவில்லை.