நான் பாத்துக்கறேன்

அவை முன்னவர் ரெமிஜியஸ் பதில் சொன்னால் அதில் பதில் இருக்காது. பெங்களூர் விதான சௌதாவில், மேலவை வாசலில் நிற்கும் காவலர் முதல் மாடத்தில் உட்காரும் பத்திரிகைக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஊர்க் குறைகளைச் சொல்வார்கள். ஏரிக்கரை உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, வாத்தியார்களுக்குச் சம்பளம் வரவில்லை. அத்தனைக்கும் அரசின் சார்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவை முன்னவர். அவர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுந்து, "விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன" என்று இங்கிலீஷில் சொல்லுவார். இல்லையென்றால், "அரசின் கவனத்தில் இருக்கிறது" என்பார். உட்கார்ந்துவிடுவார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அவையில் ஓர் அமைச்சர் வாய்தவறி "செய்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. உறுதிமொழிகளைத் துரத்துவதற்கென்றே ஒரு குழு இருந்தது, அதற்குத் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். சொன்னதைச் செய்துமுடிக்கும்வரை அமைச்சரையும் அதிகாரியையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடைவார்கள். மற்ற அமைச்சர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதில் மாட்டி விழிபிதுங்கியவர்கள். ரெமிஜியஸ் மாட்டியதே இல்லை. அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. வக்கீல் மூளையை மக்களுக்கு எதிராகத் தீட்டி வைத்திருக்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் காக்ஸ் டவுன் வீட்டுக்கே முதலமைச்சர் டெலிபோன் செய்துவிட்டார். மர்பி டவுனுக்குப் பின்னால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு வரிசை வீடுகளை இடித்துவிட்டு அதிகாரிகளுக்குப் பங்களா கட்டப்போகிறார்கள். திங்கட்கிழமை போலீஸ் வரும். அதுவரை அவையில் அதைப்பற்றி ஒரு வார்த்தை விழக்கூடாது. "உங்க வாயை நம்பித்தான் இருக்கேன். ஏதாவது சொல்லித் தொலைச்சீங்கன்னா அப்படியே ராஜினாமாவையும் எழுதிக் கொண்டுவாங்க" என்றார் முதலமைச்சர், கன்னடத்தில். ரெமிஜியஸ் சிரித்தார். என்னிடமா இதைச் சொல்கிறீர்கள் என்கிற சிரிப்பு.

அந்த விஷயத்தை எழுப்பப் போகிறவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். பச்சைமுத்து. மர்பி டவுன்காரர், தொழிற்சங்கத்து ஆள். எதிர்வரிசையில் உட்கார்ந்து, அவைத் தலைவரின் அனுமதியோடு தமிழில் பேசுகிறவர். ரெமிஜியஸுக்கு இந்த உலகத்தில் யாரையாவது கண்டால் பற்றிக்கொண்டு வரும் என்றால் அது பச்சைமுத்துவை. முனிசிபல் தேர்தலில் ரெமிஜியஸ் முதன்முதலாக நின்றபோது, அல்சூர் முழுக்க "பட்லர் மகனுக்கு ஓட்டா?" என்று சுவரில் கரியால் எழுதவைத்தது இவர்தான். ரெமிஜியஸின் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அது பொய்யில்லை. பொய்யில்லை என்பதால்தான் அத்தனை எரிச்சல். அந்தக் கரி எழுத்தை இரண்டு ஆளை வைத்துச் சுண்ணாம்பு அடித்து மறைத்தும் அவர் மனசில் அது மறையவேயில்லை. அன்றிலிருந்து அந்த ஆளிடம் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

மாடத்தில் அன்று மர்பி டவுன் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவள் சந்திரம்மா. அந்த வரிசையில் முதல் வீடு அவளுடையது, முதலில் கடப்பாரை விழப்போவதும் அதில்தான். ரெமிஜியஸ் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை.

பச்சைமுத்து எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, திங்கக்கெழம எங்க ஏரியாவுல வீட்ட இடிக்க வர்றாங்களாம். நாப்பது குடும்பம். ஆம்பளைங்க பூரா மில்லுக்குப் போயிருக்கற நேரமா பாத்து வர்றாங்களாம். இது நெசமா, பொய்யா? அவை முன்னவரு சொல்லட்டும்."

ரெமிஜியஸ் பித்தானைப் போட்டார். "விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன."

"வெவரம் எதுக்கு சார்? இடிக்கிறாங்களா இல்லையா?"

"விஷயம் அரசின் கவனத்தில் இருக்கிறது."

"கவனத்துல இருந்துகிட்டேதான் இடிப்பீங்களா?"

எதிர்வரிசையில் சிரித்தார்கள். தலைவர் கிருஷ்ணப்பா மேசையைத் தட்டினார். தும்கூர்ப் பக்கத்து மனுஷர், வயதானவர், யாருக்கும் பயப்படாதவர். "பதில் வந்துவிட்டது, அடுத்தவர் பேசலாம்" என்று கன்னடத்தில் சொன்னார்.

பச்சைமுத்து உட்காரவில்லை. ஆளும் வரிசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, ரசித்து ரசித்துச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஒக்காந்துக்கறேன், தலைவரே. அந்தக் காலத்துல கண்டோன்மென்ட்ல தொரை வீட்டு பட்லருங்க இருப்பாங்க. தொரை பசியோட வந்து கேட்டா 'டின்னர் ரெடி ஆகுது சார்'னு கையக் கட்டிகிட்டு சொல்லுவாங்க. உள்ள போய்ப் பாத்தா அடுப்பே பத்தவெச்சிருக்க மாட்டாங்க. நம்ம அவை முன்னவரு சொல்ற பதிலும் அப்படித்தான் இருக்கு. அவரையும் தப்பு சொல்ல முடியாது. வளந்த வீடு அப்படி."

அவை குலுங்கியது. சொந்தக் கட்சிக்காரர்களே குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதுதான் ரெமிஜியஸைக் கொன்றது. எதிரி சிரித்தால் பொறுக்கலாம், பின்வரிசையில் நம்மவன் சிரித்தால் எப்படிப் பொறுப்பது? காது மடல் சுட்டது. கோட்டும் இங்கிலீஷும் எங்கே போயின என்று தெரியவில்லை. எழுந்து, விரலை நீட்டி, அல்சூர் சந்தையில் நின்று கத்துகிற மாதிரித் தமிழில் கத்தினார்.

"ஓய், போதும். நான் பாத்துக்கறேன். போ, நான் பாத்துக்கறேன்."

சொன்ன கையோடு, என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

பச்சைமுத்துவின் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தலைவரை நோக்கிக் கைகூப்பினார். "ரொம்ப சந்தோஷம் தலைவரே. அவை முன்னவரு தானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அது போதும் எங்களுக்கு. உறுதிமொழின்னு குறிச்சுக்கச் சொல்லுங்க." உட்கார்ந்துவிட்டார்.

ஒரே கூச்சல். ஆளும் வரிசையில் ஒருவர் எழுந்து அது உறுதிமொழி இல்லை என்றார். அப்படியானால் என்ன என்று எதிர்வரிசை கேட்டது. உறுதிமொழி இல்லையென்றால் மிரட்டல்தானே? அவைக்குள் ஓர் உறுப்பினரை விரல் நீட்டி மிரட்டினாரா? கீழே நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவர் பேனாவைத் தூக்கியபடி தலைவரைப் பார்த்தார். இங்கிலீஷில் எழுதவேண்டும், எதை எழுதுவது?

கிருஷ்ணப்பா கையை உயர்த்தினார். கூச்சல் அடங்கியது.

"எனக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் எங்கள் கன்னடத்திலும் 'நோட்கோத்தீனி' இப்படித்தான்" என்றார் கன்னடத்தில். "கல்யாண வீட்டில் சொன்னால் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். தெருச்சண்டையில் சொன்னால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று அர்த்தம். அவை முன்னவர் எதைச் சொன்னார் என்று அவரே சொல்லட்டும். முதலாவது என்றால் அது உறுதிமொழி, குழுவுக்குப் போகும். இரண்டாவது என்றால், உறுப்பினரின் பெயரைச் சொல்லி அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்கவேண்டும். விஷயம் அதோடு முடிந்தது. மூன்றாவதாக ஓர் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை."

கொறடா முனிராஜ் பின்னாலிருந்து குனிந்து காதருகே வந்தார். "மன்னிப்புன்னு சொல்லிடுங்க சார். ரெண்டு வார்த்தை. சாயங்காலம் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது. முதலமைச்சரு காத்துகிட்டிருக்காரு."

நியாயமான யோசனைதான். ரெமிஜியஸ் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டால் பதவி நிற்கும், முதலமைச்சர் முதுகில் தட்டிக்கொடுப்பார், திங்கட்கிழமை போலீஸ் போகும். எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேலே சந்திரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. அவளுக்காக அவர் மனசு இளகிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இளகவில்லை. அவர் அப்போது யோசித்ததெல்லாம் ஒன்றுதான். மன்னிப்புக் கேட்க முதலில் 'மாண்புமிகு உறுப்பினர் பச்சைமுத்து அவர்களிடம்' என்று ஆரம்பிக்கவேண்டும். கையைக் கட்டிக்கொண்டு அந்த மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவேண்டும். நாளைக்கு அல்சூர் முழுக்க, பட்லர் மகன் பட்லர் மாதிரியே நின்றான் என்று பேசுவார்கள்.

வாயைத் திறந்தார். "நான்…" என்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி "நான்" என்றார்.

"அவை காத்திருக்கிறது" என்றார் கிருஷ்ணப்பா.

"நான் யாரையும் மிரட்டவில்லை" என்றார் ரெமிஜியஸ், இங்கிலீஷில். "நான் சொன்னது உறுதிமொழிதான். அந்த வீடுகள் இடிக்கப்படமாட்டா. எழுதிக்கொள்ளலாம்."

மாடத்தில் பெண்கள் கைதட்டினார்கள். காவலர் அதட்டினார். முனிராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். அவையில் அமைச்சர் சொன்னதை அரசு மறுக்க முடியாது, மறுத்தால் நாறிப்போகும். திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ரெமிஜியஸின் பதவியும்தான்.

இடைவேளையில் அவர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சந்திரம்மா நின்றிருந்தாள். கீழே குனிந்து அவர் காலைத் தொடப்போனாள். ரெமிஜியஸ் சட்டென்று பின்வாங்கினார்.

"வேணாம்மா. எழுந்திரு. வீட்டுக்குப் போ."

"எங்க ஜனம் மேல உங்களுக்கு இவ்வளவு பிரியம்னு தெரியாம போச்சு சார். கண்டபடி பேசியிருக்கோம் உங்கள. மனசுல வெச்சுக்காதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவரை அவ்வளவு வெட்கப்படவைத்த நன்றி அதற்குமுன் அவருக்குக் கிடைத்ததில்லை.

தூணோரம் பச்சைமுத்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் ரெமிஜியஸுக்கு உடம்பு மறுபடி கொதித்தது. பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் முதல்தடவை.

"ஒன்கிட்ட மன்னிப்பு கேக்க வெச்சுடலாம்னு பாத்த, இல்ல? நடக்கல."

பச்சைமுத்து புகையை அந்தப் பக்கம் ஊதினார். "அய்யய்யோ, கேட்டுடப்போறீங்களேன்னு நான்தான் பயந்துகிட்டு இருந்தேன். நீங்க தண்ணி குடிச்சப்ப என் உசுரே என்கிட்ட இல்ல. கேட்டிருந்தா எங்க வீடெல்லாம் போயிருக்கும். நீங்க கேக்க மாட்டீங்க, அதுவும் என்கிட்ட செத்தாலும் கேக்க மாட்டீங்கன்னு ஒரு தைரியம். அத நம்பித்தான் வந்தேன்."

ரெமிஜியஸ் அவரையே பார்த்தார். தன் வீராப்பைக்கூட இந்த ஆள் கைக்கருவியாக எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டான்.

"அதுக்கு எங்கப்பாவையா இழுக்கணும்?" என்றார் கடைசியில்.

"உங்கப்பா நல்ல மனுஷன் சார். பிளேக் வந்தப்போ தொரை வூட்டுப் பொறவாசல்ல எங்கம்மாவுக்கு தெனம் சோறு எடுத்து வெச்சவரு. நான் அதத் தின்னு வளந்தவன்." பச்சைமுத்து பீடியைச் செருப்பால் மிதித்து அணைத்தார். "ஆனா அவரச் சொன்னாத்தான் நீங்க தமிழுக்கு வருவீங்க."

சொல்லிவிட்டு வணக்கம்கூடப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.