மஞ்சள் செடிக்குள் இருந்த பச்சை

என் அப்பா அடைக்கலம் வெள்ளை ஈக்குப் பயப்பட மாட்டார். ஊர் வாய்க்குப் பயப்படுவார். ஆவூர் மாதா கோயிலுக்குப் போகும் பாதையோரம்தான் எங்கள் உளுந்து வயல். அதில் ஒரு பாத்தியை என் ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கியிருந்தேன். கொத்துக் கொத்தாகக் காய்த்தாலும், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் வைரஸ் வந்தால் சுருண்டுவிடும் ரகம் ஒன்று. அந்த வைரஸுக்கு அசையாத, ஆனால் காய்ப்பதில் கஞ்சனான ரகம் இன்னொன்று. பூவோடு பூ மகரந்தம் சேர்த்து, கிடைத்த விதைகளைத் தையில் ஊன்றினேன்.

முளைத்த அத்தனையும் மஞ்சளாகிப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் எதிர்ப்புக் குணம் ஒரு தலைமுறை பதுங்கியிருந்து அடுத்ததில் தலைகாட்டுவது உண்டு. அந்தச் சீக்குச் செடிகளின் விதை மட்டும் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தேன்.

தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

"ஊரே இந்தப் பக்கமாத்தான் தேர் பாக்கப் போகும். சீக்குப் பயிரக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? புடுங்கிக் குப்பக்குழியில போட்டுட்டேன்" என்றார் அப்பா.

வாயைத் திறந்தால் சண்டைதான். குழிக்குள் இறங்கி, சாணிக்கடியில் கிடந்த முற்றிய காய்களைப் பொறுக்கினேன். அரைக் கைப்பிடி விதை தேறியது. அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

ஆடியில் அவரே பாத்தி கட்டி அவரே ஊன்றினார். மருந்து அடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். வெள்ளை ஈ வந்தது, பின்னாலேயே மஞ்சளும் வந்தது.

ஒரு காலையில், "ஏத்தா ஷர்லி, இங்கிட்டு வா!" என்று கத்தினார். ஓடினேன். மஞ்சளுக்கு நடுவே கரும்பச்சையாக ஒரு செடி. அங்கிட்டு இன்னொன்று. ஏறக்குறைய நாலுக்கு ஒன்று பச்சை. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை ஈ மொய்த்துக் கிடக்கிறது. மேலே ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. புத்தகத்தில் படித்ததுதான், என்றாலும் கண்ணெதிரே நின்றபோது கும்பிடத் தோன்றியது.

அப்பா மண்டியிட்டு இலையைத் தொட்டார். "தாய்ச்செடியே சீக்குல கெடந்துச்சேத்தா. இத எங்க ஒளிச்சு வச்சிருந்துச்சு?"

"உள்ளுக்குள்ளதாம்ப்பா."

ஞாயிறு பூசை முடிந்து சனம் வந்தது. அப்பா பாதையை மறித்து, "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று எல்லாரையும் வயலுக்குள் இறக்கினார். பச்சைச் செடியைத் தேடிய கண்களுக்கு முதலில் ஒரு மஞ்சள் செடியைக் காட்டினார்.

"இத லேசா நெனச்சுராதீங்க. இதுக்குள்ளயும் இருக்கும்."