சத்தியம் செய்யாத தரகன்

ஏசுதாஸ் என்னைக் கழற்றிவிடப் போகிறான் என்று எனக்கு மூன்று வாரமாகவே சந்தேகம். போன் வந்தால் எழுந்து தள்ளிப்போய்ப் பேசினான். கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடையில் கோகுல்நாத்தோடு உட்கார்ந்திருந்தானாம். பார்த்தவன் வந்து சொன்னான். கோகுல்நாத் என்பவர் வடகரப்பதிப் பக்கம் புதிதாக வரும் பால் பண்ணையின் மேனேஜர். இருபது கறவை மாடு வாங்கப் போகிறவர். அந்த இருபது மாட்டுத் தரகும் எனக்கும் ஏசுதாஸுக்கும் சேர்த்து வரவேண்டியது. அப்புறம் அவன் மட்டும் தனியாகப் போய் டீ குடிப்பானேன்?

வேலந்தாவளம் சந்தையில் நாங்கள் பதினோரு வருடக் கூட்டாளிகள். மோகனசுந்தரம் என்று என் பெயரைச் சொன்னால், கூடவே ஏசுதாஸையும் சொல்வார்கள். நான் பேசுவேன், அவன் பக்கத்தில் நிற்பான். அவன் கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போவதில் எனக்கென்ன நஷ்டம்? சத்தியம் செய்ய மாட்டேன் என்பதுதான் தொல்லை. எங்கள் சந்தையில் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்தால், தரகன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளை மேல் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை, கயிறு கைமாறிவிடும். இவனைச் செய்யச் சொன்னால், "எங்க சபையில கூடாதுங்ண்ணா. மாடு நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லுவேன், அவ்வளவுதான்" என்பான். அதனால் சத்தியமெல்லாம் என் தலையில் விழுந்தது. என் மகள் தமிழ்ப்ரியா மேல் ஒரு சந்தை நாளைக்கு மூன்று முறையாவது செய்திருப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள்.

சத்தியம் செய்யாதவனிடம் ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம். வாக்குக் கொடுக்காமல் நழுவுகிறவன்தானே நாளைக்கு ஆளையும் நழுவவிடுவான்? அதிலும் அவனுக்குக் கஷ்டம் வேறு. கட்டின வீட்டில் சுவர் எழும்பி நான்கு வருடம் ஆயிற்று. கான்கிரீட் போடவில்லை, மேலே தார்ப்பாய்தான். மழை பெய்தால் அவன் மனைவி ஜோமோள், தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டு நிற்பாள். இந்த இருபது மாட்டில் அவன் பங்கு வந்தால் கூரை போட்டுவிடலாம். என் பங்கும் அவனுக்கே வந்தால் வீட்டைப் பூசி வெள்ளையும் அடித்துவிடலாம். நான் அவனாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கார்த்திகையில் அந்தச் சந்தை நாள் வந்தது. பத்தொன்பது மாடும் நல்ல மாடு. இருபதாவதுதான் இடித்தது. கன்று போட்டு ஏழு மாதமாகி, பால் குறைந்துகொண்டிருந்த மாடு. கோகுல்நாத் கேட்டதோ புதிதாகக் கன்று போட்ட இளங்கன்றுக்காரி. வேறொரு வீட்டிலிருந்து பதினைந்து நாள் கன்று ஒன்றைத் தூக்கிவந்து பக்கத்தில் கட்டினேன். மாடு முட்டித் தள்ளாமலிருக்க, கன்றின் முதுகில் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தடவினேன். இனிப்புக்கு மாடு நக்கத் தொடங்கியது. முந்தின நாள் சாயங்காலம் பால் கறக்காமல் விட்டதால் மடியும் முட்டிக்கொண்டு நின்றது.

இதையெல்லாம் ஏசுதாஸிடம் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை. அவன் வந்தான், பார்த்தான். கன்றின் முதுகில் எறும்பு மொய்த்திருந்தது. குனிந்து கையால் தட்டிவிட்டான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சரி, கண்டுபிடித்துவிட்டான், கோகுல்நாத்திடம் என்னைக் காட்டிக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வியாபாரத்தைத் தனியாக முடிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு கோகுல்நாத் மூன்று வண்டிகளோடு வந்தார். பத்தொன்பது மாட்டையும் பார்த்துத் தலையாட்டினார். இருபதாவதிடம் வந்ததும் நின்றார்.

"ஏனுங்க, இந்தக் கன்னு இதோடதுதானுங்களா?"

நான் கயிற்றைப் பிடித்தேன். "என்ற புள்ள தமிழ்ப்ரியா மேல சத்தியமுங்க. போட்டுப் பதினஞ்சு நாள்தானாச்சு. மாடு நக்கறதப் பாருங்க."

அவர் மாட்டைப் பார்க்கவில்லை. ஏசுதாஸைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தாஸ். சத்தியமெல்லாம் வேண்டாம். ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், இருபதையும் இப்பவே ஏத்திக்கறேன்."

வண்டிக்காரர்கள் பின்பலகையை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏசுதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். கூரை அவன் கண்ணில் வந்து போயிருக்கும், எனக்கே வந்து போயிற்று.

"இல்லீங்க. கன்னு வேற. மாடு கன்னு போட்டு ஆறேழு மாசம் இருக்கும். காத்தாலயே எனக்குத் தெரியும். சொல்லாம நின்னது என்ற தப்புங்க."

சுற்றி நின்ற தரகர்கள் சிரித்தார்கள். "சத்தியம் பண்ணாதவரோட யோக்கியதயப் பாருங்கப்பா" என்றார் அப்புசாமி. அவருக்கு எங்கள் மேல் வெகுநாளாகக் கண்.

காட்டிக்கொடுப்பான் என்று நான் நினைத்தவன், என் பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு எங்கிருந்தோ கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன்.

"கட்டுனது நானுங்க! சக்கரத் தண்ணி தடவுனதும் நாந்தான். அவனுக்கு இதுல சம்பந்தமே இல்லீங்க. என்ற புள்ள மேல சத்தியம்!"

"இப்பத்தானுங்க அதே புள்ள மேல வேற சத்தியம் பண்ணுனீங்க?" என்றார் கோகுல்நாத். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவள் தலையில் நான் வைத்த அத்தனை சத்தியத்திலும் இந்த இரண்டாவது ஒன்றுதான் கலப்படமில்லாதது.

அவர் ஏசுதாஸ் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொன்னேன். இவர விட்டுட்டு வாங்க, மாசச் சம்பளம் தர்றேன், கூரைக்கு அட்வான்ஸும் தர்றேன்னு. மூணு தடவ போன் வேற போட்டேன். கூட்டாளிய உட்டுட்டு வர மாட்டேன்னீங்க. அதுக்கு இதுதானுங்களா மரியாத? இனி உங்க ரெண்டு பேரு சங்காத்தமும் வேண்டாம்."

வண்டிகள் அப்புசாமியின் மாடுகள் பக்கம் போயின. மூன்று வாரமாக நான் எண்ணி எண்ணிச் சேர்த்த சந்தேகம் இப்படி நடுச்சந்தையில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

"ஒரு வார்த்தடா! ஆமான்னு சொல்லியிருந்தா உன்ற ஊட்டுக்குக் கூரை வந்திருக்குமே!"

"வந்திருக்குமுங்ண்ணா. அதுக்கடியில முட்டி போட்டு எப்படி ஜெபம் பண்றது?" என்றான். கன்றை அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டான், அதன் வீட்டில் கொண்டுபோய் விட. "பதினோரு வருசமா நான் பொய் சொன்னதில்லைன்னு தெம்பா இருந்தேன். நீங்க சத்தியம் பண்றப்ப அவுங்க எல்லாரும் என்ற மூஞ்சியத்தான் பாத்தாங்க. நான் சும்மா நின்னேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு எறும்பத் தட்டி உட்டப்பத்தான் உறைச்சுது, உங்க சத்தியத்த வித்ததே என்ற மூஞ்சிதான்னு. இனிமே நான் வரலீங்ண்ணா."

இப்போது ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கப் போகிறான் என்று கேள்வி. அவன் சொன்னதை நான் நம்பவில்லை. என்னிடம் மாடு வாங்கினவர்கள் என் நாக்குக்காக வாங்கினார்களா, அவன் மூஞ்சிக்காகவா? கொஞ்சம் அதிகமாகவே தன்னைப் பற்றி நினைத்துக்கொள்கிறான் என்று வீட்டில் சொன்னேன்.

அடுத்த சந்தைக்கு எங்கள் ஊர்ச் செல்லாத்தாளின் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டாம் ஈத்து, சொந்தக் கன்று, ஒரு குறை கிடையாது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வந்து, "கன்னு இதோடதுங்களா?" என்று கேட்டார். கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அவர் என் தோளுக்கு அந்தப் பக்கம், காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"உங்க கூட ஒருத்தரு பேசாம நிப்பாரே, அவரு எங்கீங்க?"

"வரலீங்க."

"அப்ப அவரு வாரப்ப பாத்துக்கலாமுங்க" என்று நடந்துவிட்டார்.

"நெசமாலுமே நல்ல மாடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் திரும்பவில்லை.