முன்கூட்டியே திறந்த ஜன்னல்

நவம்பர் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஒன்பதாம் அறையின் ஜன்னலைச் சற்று முன்கூட்டியே திறந்துவிட்டேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்த சிசெல், "சிறு" என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையாகத் தோன்றவே, அதன் தலைமேல் அதே சொல்லை மறுபடி எழுதினாள். நாட்குறிப்பு எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் ஆசிரியை சொல்லியிருந்தது இவ்வளவுதான்: தேதி போடுங்கள், அன்றைய தவறு ஒன்றை மழுப்பாமல் எழுதுங்கள், மறுநாள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடியுங்கள். வகுப்பில் மற்றவர்கள் ரொட்டி கருகியதையும் சாவி தொலைந்ததையும் எழுதிவந்தார்கள். சிசெலுக்கு வேலை முதியோர் இல்லத்தில். அங்கே தவறு என்றால் அதற்கு ஒரு முகம் உண்டு.

அந்த முகம் ஈவல்ட் நோர்பியுடையது. ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கரையோரமாக ஊர் ஊராகப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சலில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று முன்பே மகளிடமும் டாக்டரிடமும் தீர்மானமாகச் சொல்லியிருந்ததால், இல்லத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க் காலையில் அவருடைய மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. ஒன்று வரும்; அடுத்தது வருமா வராதா என்று பக்கத்தில் இருப்பவர் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு தடவை சிசெல் வெகுநேரம் காத்திருந்தாள். வரவில்லை. மணிக்கட்டில் நாடி தேடினாள். கழுத்தில் தேடினாள். கையை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தாள்.

உயிர் போனதும் ஜன்னலைத் திறப்பது அந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுதிவைக்காத வழக்கம். சர்ச் வாசலையே மிதிக்காதவர்களும் அதைச் செய்வார்கள். ஏன் என்று கேட்டால், அறைக்குக் காற்று வேண்டாமா என்பார்கள்.

அவள் நர்ஸை அழைத்துவரத் தாழ்வாரத்தில் ஓடிய நேரத்தில், தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த ப்ரெபன் தலையை நிமிர்த்தினான். கொடி ஏற்றுவது முதல் குழாய் ரிப்பேர் வரை இல்லத்தின் எடுபிடி வேலையெல்லாம் அவன் பொறுப்பு. நவம்பர் குளிரில் ஒரு ஜன்னல் அகலத் திறந்திருந்தால் அவனுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு, முறைப்படி கொடியை உச்சிவரை ஏற்றி, அரைக்கம்பத்துக்கு இறக்கிக் கட்டினான்.

நர்ஸ் வந்து குனிந்து பார்த்தபோது ஈவல்ட் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் திட்டவில்லை. இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றாள். ஜன்னலைச் சாத்தினாள். கொடியை இறக்கச் சொல்ல வேண்டும் என்பது பத்து மணிக் காப்பி வரை ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. சிசெல் முகம் துடைக்கப் போனபோது ஈவல்ட் தெளிவாகக் கண்ணைத் திறந்து, நேற்று யாருக்காகக் கொடி பாதியில் நின்றது என்று கேட்டார். படுக்கையிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும்.

சிசெலுக்குப் பொய் சொல்ல வராது. முயன்றால் கழுத்து சிவந்துவிடும்.

"உங்களுக்குத்தான், ஈவல்ட். நான்தான் தப்பா நினைச்சு ஜன்னலைத் திறந்துட்டேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் சளியாகி வெளியே வந்தது. அது நல்ல அறிகுறி என்று நர்ஸ் சொன்னாள். மதியத்துக்குள் கதை இல்லம் முழுக்கப் பரவிவிட்டது. சிசெலோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் போடில் என்பவள், இவள் எதிரே வந்தாலே குளிருவதுபோலக் கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டாள். "ஏய், எனக்குக் கொஞ்சம் தலைவலி. ஜன்னல் பக்கம் மட்டும் போயிடாதே, சொல்லிட்டேன்." சிசெலும் சிரித்துவைத்தாள். சிரிக்கக்கூடிய விஷயமாகவே அது முடிந்துவிடும் என்று நம்பினாள்.

மதியம் ஈவல்ட் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார். கறுப்பு ரொட்டியைப் பீரில் ஊறவைத்துக் காய்ச்சிய கஞ்சி, மேலே பால் ஏடு. அவருக்குப் பிடித்தது என்று சமையலறையில் தனியாகச் செய்திருந்தார்கள்.

"பஸ் போயாச்சும்மா. இனிமே டிக்கெட் வாங்கி என்ன செய்ய?"

வேடிக்கை பேசுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாலையில் தண்ணீர் வேண்டாம் என்றார். வியாழன் காலை மாத்திரை வேண்டாம் என்றார். கோபமோ முரண்டோ இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி இரண்டாம் முறை பரிமாறும்போது கையை நீட்டி மறுப்பதுபோல அவ்வளவு மரியாதையாக மறுத்தார். பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவும்போது மட்டும் விட்டுக்கொடுத்தார். அதுகூட சிசெலின் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழன் மாலை முதுகைத் துடைத்துவிடும்போது அவர் மெல்லச் சொன்னார்:

"பார்த்துத் துடை. அந்த ஆளுக்கு இடுப்புல புண் வரப்போகுது."

"எந்த ஆளுக்கு?"

"இங்க படுத்திருக்கானே, அவனுக்கு."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"வெளியிலதான். சைக்கிள் கொட்டகைகிட்ட. நீதானே விட்டே." குரலில் குற்றச்சாட்டு துளியும் இல்லை. "ராத்திரி அங்க காத்து ஜாஸ்தி. அது ஒண்ணுதான் தொந்தரவு."

வேலை முடிந்து சிசெல் கொட்டகைக்குப் போனாள். அவளுடைய சைக்கிள் அங்கேதான் நின்றது. நான்கு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. கூரையிலிருந்த விளக்கு, ஆள் அசைந்தால் தானாக எரியும் வகை. அவள் முற்றத்துக் கதவைத் திறக்கும்போதே அது எரிந்துகொண்டிருந்தது. பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். நிதானமாகப் பூட்டைத் திறந்தாள், முன்விளக்கைப் போட்டாள், பின்விளக்கைப் போட்டாள், எப்போதும் செய்கிற வரிசையில். பூனை எதுவும் கண்ணில் படவில்லை. கிளம்பும்போது, தனக்கே கூச்சமாக இருந்தும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அந்தப் பக்கமாகச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று வீடு வரை யோசித்தாள்.

வெள்ளியன்று டாக்டர் வந்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, சளி கரைந்துவருகிறது, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். இந்த வயதில் கடும் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி விபரீதமான நினைப்புகள் வருவதுண்டு, சில வாரங்களில் தாமாகவே போய்விடும், ஆனால் அந்தச் சில வாரங்கள் உயிரோடு இருக்கத் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும். டிரிப்ஸ் ஏற்றலாமா என்று ஈவல்டிடமே கேட்டார். செத்தவன் கையில் ஊசி குத்தி என்ன பயன் என்று ஈவல்ட் பதில் கேள்வி கேட்டார். டாக்டர் அவருடைய கைத்தோலைக் கிள்ளி விட்டார். அது கிள்ளிய மேனிக்கே கூடாரம்போல நின்றது. வெளியே வந்து, ஞாயிறு வரை பார்ப்போம், அதற்குள் குடிக்கவில்லையென்றால் சிறுநீரகம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் மெரெட்டே ஆல்போர்க் நகரிலிருந்து காரில் வந்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் கைப்பையை மார்போடு அணைத்தபடி கேட்டாள். அப்பாவுடன் தனியாகப் பேசினாள், கெஞ்சினாள், கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். அவர் அவளுடைய கையைத் தடவிக்கொடுத்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது, நீ அழாதே என்றார். ஏதோ அடக்கம் முடிந்து திரும்பி வந்தவளைத் தேற்றுவதுபோல.

தாழ்வாரத்தில் அவள் சிசெலை மறித்தாள்.

"நீதானா அது?"

"ஆமாங்க."

"சாவு வர்ற நேரத்துல வந்திருந்தா நான் தாங்கிக்கிட்டிருப்பேன். அது வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. இப்ப எங்கப்பா ஒரு ஜன்னலால சாகப்போறார்." குரல் உயரவில்லை. "நீ வெளிய விட்டே. நீயே கூட்டிட்டு வா."

போடில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு துணி அறையில் சிசெலின் தோளைப் பிடித்து, மனுஷிக்கு வேதனை, அதைக் கொட்ட ஒரு இடம் வேண்டும், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். முதல் தடவையாக அவள் பேச்சில் கேலி இல்லை. அதுதான் சிசெலை அதிகம் பயமுறுத்தியது.

அன்று அவளுக்கு உறக்கம் சரியாக வரவில்லை. மெரெட்டே சொன்னதை மனதுக்குள் அலசினாள். கோபத்தில் சொன்னது, சரி. ஆனால் சொன்னதில் தப்பு என்ன? ஒரு கதவைத் தவறுதலாகத் திறந்துவிட்டால், மறுபடி திறந்து உள்ளே கூப்பிடுவதுதானே முறை? இது பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. குளிரில் ஜன்னலைத் திறந்து, பாதி தேறிய நுரையீரலை மறுபடி கெடுத்துவிட்டால்? இரண்டு தவறில் எது சிறியது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்யாமலேயே சனிக்கிழமை வேலைக்குப் போனாள்.

மதியத்துக்குப் பிறகு ஈவல்ட் பேசுவதை நிறுத்தினார். நாக்கு மரப்பட்டைபோல ஆகிவிட்டது. மெரெட்டே காற்றாடக் கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். போடில் கூடத்தில் மற்றவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். சிசெல் சூடான கறுப்புத் திராட்சைச் சாறு ஒரு ஜாடி, ஒரு கோப்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இன்னொரு கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தலைக்குத் தன் கம்பளித் தொப்பியை மாட்டினாள். ஜன்னல் கொக்கியை விடுவித்து இரண்டு கதவையும் அகலத் தள்ளினாள்.

வெளியே வெளிச்சம் அடங்கும் நேரம். கடல்பாசி வாடை வந்தது. முற்றத்துக்கு அப்பால் கொட்டகை இருட்டாக இருந்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஈவல்ட், அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். உள்ள வாங்க."

சொன்ன குரல் தன்னுடையதுபோல இல்லை என்று பட்டது. கொட்டகையில் விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. சற்று நேரத்தில், கொட்டகைக்கும் கட்டடத்துக்கும் நடுவே சமையலறைக் கதவுக்கு மேலிருந்த விளக்கும் எரிந்தது. அதன் கீழும் யாரும் இல்லை. பிறகு திரைச்சீலை, காற்று அடிக்கும் திசைக்கு மாறாகவோ சரியாகவோ, அறைக்குள்ளே உப்பி வந்து அவள் கன்னத்தில் பட்டது. அவள் ஒதுங்கி நின்றாள். வழி விட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. திரை அடங்கும்வரை நின்றாள். அது அடங்கி, மறுபடி ஒரு முறை உப்பி, அடங்கியது. ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

திரும்பினாள். ஈவல்ட் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து கூப்பிடறதுக்கு இவ்வளவு நேரமா உனக்கு?" உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "தா, அதை."

கோப்பையைப் பிடிக்க அவருடைய கை தானாகவே வந்தது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை சிசெல் வேறெதையும் பார்க்காமல் பார்த்தாள். மெல்ல, மெல்லக் குடியுங்கள் என்று சொல்ல வேண்டியதைக்கூட மறந்துபோனாள். பாதியில் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு கோப்பை எங்கே?"

"யாருக்கு?"

அவர் கண்ணால் காட்டினார். ஜன்னலோரம், பார்க்க வருபவர்கள் உட்காரும் நாற்காலி.

"எனக்கு முன்னாடியே கொட்டகைகிட்ட நின்னுக்கிட்டிருந்தவ. ரொம்ப நாளா நிக்கிறா போல. முதல்ல ஏறச் சொன்னேன். ஒரு பொம்பளையைக் குளிர்ல நிக்கவெச்சுட்டு நான் முந்திக்கிட்டு ஏறவா? என்ன பேசறே?"

"அவங்க யாரு, ஈவல்ட்?"

"அதெல்லாம் நான் கேக்கல. பஸ்ல ஏறுறவங்ககிட்ட யாரு என்னன்னா கேப்பாங்க?" அவர் இரண்டு கையையும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். "விருந்தாளி வெறுங்கையோட உக்காந்திருக்க, நான் மட்டும் குடிக்கிறது நல்லாயில்ல. அவளுக்கு வை. அப்புறம் எனக்கு."

சிசெல் கூடத்துக்குப் போய்க் கோப்பை எடுத்தாள். யாருக்கு என்று போடில் கேட்டாள். ஒன்பதாம் அறைக்கு என்றாள். அது பொய்யாக இல்லாததால் கழுத்து சிவக்கவில்லை. திரும்பி வந்து, சாறு ஊற்றி, நாற்காலிக்கு எதிரே மேசை விளிம்பில் வைத்தாள். கைப்பிடியை உட்கார்ந்திருப்பவரின் வலக்கைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நாற்காலியை நேராகப் பார்க்கவில்லை. ஈவல்ட் தலையசைத்துவிட்டு மீதியைக் குடித்தார். இன்னும் கேட்டார்.

மெரெட்டே வந்தபோது ஜாடி காலியாகியிருந்தது. சிசெலின் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுக்கப் போனவளை அவர், "அங்க வேண்டாம்மா, இப்படி வா" என்று கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நேற்று பேசியதற்கு சிசெலிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போது கைகளைத் தேய்த்துக்கொண்டு, இந்த அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்றும் கேட்டாள். சிசெல் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

நர்ஸ் டாக்டருக்குத் தகவல் சொன்னாள். குடிக்கிறார் அல்லவா, அது போதும், மற்ற நினைப்புகள் போகப் போகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. போடில் சிசெலை ஒரு முறை இறுக்கி அணைத்துவிட்டுப் போனாள். பாத்திரங்களைக் கழுவும்போது சிசெல் இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சாறு அதில் விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே நின்றது. ஊற்றியது எதுவரை என்று அவளுக்கு நினைவில்லை.

வீடு திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினாள்.

நவம்பர் 16, சனி. இன்றைய தவறு: இரண்டாவது கோப்பையில் எவ்வளவு ஊற்றினேன் என்று பார்த்துவைக்கவில்லை. நாளை: ஒன்பதாம் அறைக்குக் காலை உணவு. இரண்டு தட்டு.