காதிடம் கேட்க வேண்டியது

"கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் பதவி! பொருத்தம்னா இதுதான்யா பொருத்தம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி தானே சிரித்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரும் சிரித்து வைத்தார். மேலே இருப்பவர் சிரித்தால் கூடச் சிரிப்பதும் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

அந்த நாட்டின் ரகசியக் காவலுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, 'உடம்பு' என்பார்கள். பதவிகளும் அதற்கேற்றபடிதான். அடிமட்டத்தில் காது. தன் பிழைப்பைப் பார்த்தபடியே நாலு பேர் பேசுவதைக் கேட்டு வந்து ஒப்பிக்க வேண்டும். அதற்கு மேலே கண். ஆளைத் தூக்குவது கை. தூக்கி வந்தவரை விசாரிப்பதும் கீழே இருப்பவர்களுக்கு உத்தரவு போடுவதும் வாய். தலை யாரென்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் வீடு திரும்பியதில்லை. கண்ணாடிக்காரர் பதினோரு வருடமாகக் காது. பார்வை சோதிக்கக் கடைக்கு வருகிறவன் சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கிற நேரத்தில்கூடச் சும்மா இருக்க மாட்டான், விலைவாசியைத் திட்டுவான், அரண்மனையைத் திட்டுவான். அதில் உப்புச் சப்பில்லாததாகப் பொறுக்கி எடுத்து இங்கே வந்து சொல்லிவிட்டுப் போவார். நம்மால் ஒரு குடும்பமும் கெடவில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது எதிரே இருந்தவர் வாய். எடை அளவு அலுவலகத்தின் பின்னறை அது. உடைந்த தராசுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை நார் நாராக உரித்துக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு தேன்.

"கண்ணோட வேலை ரொம்ப சுலபம்ங்க. ஒரு கண்ணுக்கு ஒரு காது, அவ்வளவுதான். காதுங்க எங்ககிட்ட முழுசா சொல்லுதா? பாதியை முழுங்கிடும். முழுங்கினதை வெளியே எடுக்கணும். ஆள் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு கேள்வி கேளுங்க. வயிறு நிறையறப்ப வாய் தானா திறக்கும். ஆனா வார்த்தை மாறக் கூடாது. பல வருஷம் பழகிப் பார்த்து எடுத்த வார்த்தை. நீயா நீங்களாங்கிற மரியாதையை மட்டும் ஆளுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம்."

ஒரு சுளையை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டு, பாடம் சொல்லித் தருகிறவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மனசுல ஏதாவது வச்சிருந்தா சொல்லிடுங்க, சாப்பாடு செரிக்கும்."

கண்ணாடிக்காரருக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். பிறகுதான் பிடிபட்டது. அவர் மனைவி அதைத்தான் கேட்பாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி, ஒரு எழுத்து மாறாமல். கல்யாணமான புதிதில் அவளுக்கு இந்தக் கரிசனமெல்லாம் கிடையாது. நடுவயதில் வந்தது. வயது ஏற ஏறப் பெண்டாட்டிக்குப் பாசம் கூடும் என்பது சரிதான் போலிருக்கிறது என்று அவர் நண்பர்களிடம் பெருமையடித்துக்கூட இருக்கிறார். அவர் காதாகச் சேர்ந்த வருடத்தில்தான் அந்தப் பாசம் வந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"எனக்கும்... ஒரு கண் இருந்துச்சுங்களா?"

"இல்லாமலா? நல்ல கண்ணு. உங்க தம்பி விஷயத்தை நீங்க எங்ககிட்ட மூச்சு விடலையே. அந்தக் கண்ணுதான் சொல்லிச்சு."

தம்பி. ஆலைச் சுவரில் அரண்மனைக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டியது தான்தான் என்று தம்பி அண்ணனிடம் சொன்னான். அண்ணன் அதை ஒரே ஓர் இடத்தில் சொன்னார், தட்டுக்கு முன்னால். அந்த வாரமே கை வந்து அவனைக் கொண்டுபோயிற்று. இரண்டு வருடமாகிறது. தெருமுனை டீக்கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார் என்று முடிவு கட்டி, நாலு பேர் பார்க்க அவர் கடை வாசலில் காறித் துப்பிவிட்டு வந்தவர் இந்தக் கண்ணாடிக்காரர்.

வாய் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குக் கொடுத்திருக்கற காது புதுசு. போன மாசம்தான் சேர்ந்துச்சு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை. அலைச்சலே இல்ல, உங்க வீட்டுலதான் இருக்கு." எழுந்து வந்து தோளைத் தட்டினார். "கண்ணுக்கும் ஒரு கண்ணு உண்டு. அதையும் மறந்துடாதீங்க."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருப்பது அவருடைய ஒரே மகள்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. அவமானம் பிடுங்கித் தின்றது. காலில் விழலாம் போலிருந்தது, விழுந்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

மனைவி தட்டை வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கேட்கவில்லை. அப்படியானால் அவர் கண்ணாகிவிட்டதை அவளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

"என் தம்பிடி" என்றார்.

அவள் கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றாள். "நீங்க மறைச்சது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொல்றேனா இல்லையான்னுதான் பார்த்தாங்க. சொல்லலைன்னா உங்களையும் சேர்த்துத் தூக்கியிருப்பாங்க. ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் என்னால வச்சுக்க முடிஞ்சுது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் திட்டியாவது இருப்பார். அவள் சொன்னது உண்மையா, அதுவும் எங்கேயோ பழகிப் பார்த்து எடுத்த வார்த்தையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிய மனைவியின் முகத்தையே வெறித்துப் பார்த்தார். எத்தனை பேருக்குப் பார்வை சோதித்த மனிதர், அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றி எறியும் சத்தம் கேட்டது. மகள் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கொலைப் பசிம்மா" என்றாள். இரண்டு கவளம் உள்ளே போனது. அவர் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. உத்தரவு போட்டவன் வந்து தன் கண்ணைப் பிடுங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவர் பக்கமாகச் சாய்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, இன்னிக்கு லைன்ல ஒண்ணு கேட்டேன்ப்பா. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான். சித்தப்பா எங்க இருக்காருன்னா..."

அவருடைய கை அவள் வாயைப் பொத்திவிட்டது. பொத்திய பிறகுதான் பொத்தியது தெரிந்தது. தட்டு சாய்ந்து குழம்பு தரையில் ஓடியது. சமையலறை வாசலில் மனைவி அசையாமல் நின்றாள், ஒரு காலை முன்னே எடுத்து வைத்தபடி. மகள் மிரண்டுபோய் அவரையே பார்த்தாள். அவள் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. அவருடைய உள்ளங்கைக்கு அடியில் அந்த உதடுகள், அவர் இரண்டு வருடமாகத் தெரிந்துகொள்ளத் தவித்த ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தன.