வைப்பர் போட்டால் வரும் தூக்கம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் பழைய காருக்கு ஃப்யூஸ் பாக்ஸ் மாற்றிய மதியம், வைப்பரைப் போட்டுப் பார்த்த அதே நொடியில், வீட்டுக்குள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தூங்கிப்போனாள். சின்ன மகள் பிறந்ததிலிருந்து பொட்டுத் தூக்கம் அறியாதவள் அவள். அந்த மகளே இப்போது வேலைக்குப் போகிறாள். பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. விடிய விடியத் தைத்துத் தள்ளியதில் ஊரில் எல்லோருக்கும் சட்டை ஆகி, தெரு நாய்களுக்கும் ஆளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது.

பழைய பாக்ஸ் பாழானதற்கு மாஸ்டர்தான் காரணம். ஃப்யூஸ் போகும்போதெல்லாம் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுருட்டிச் செருகி ஓட்டியவர் அவர். ஒருநாள் பாக்ஸ் மெழுகாக உருகி, பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. எதை ஒட்ட வைக்கவும் அதையே சுற்றுவதால் 'கறுப்பு டேப்' என்று பெயர் வாங்கிய எலக்ட்ரீஷியன், காயலான் கடையிலிருந்து வேறு கம்பெனி பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். கடைசியில் பழுப்பு வயர் ஒன்று மிஞ்சியது. இழுக்க இழுக்க முழக்கணக்கில் வந்ததே தவிர, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. காலியாக இருந்த ஓட்டையில் செருகி, டேப்பைச் சுற்றிவிட்டார்.

முதல் வேகத்தில் வைப்பர் ஓடினால் அவளுக்குக் கோழித்தூக்கம். இரண்டாம் வேகத்தில் கூரை ஓடு அதிரும் குறட்டை. நிறுத்தினால், விட்ட வாக்கியத்தின் பாதியிலிருந்து பேச ஆரம்பிப்பாள். சிக்கல், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களால் வந்தது. இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரின் குமிழைத் திருகாத கற்றுக்குட்டி உலகத்தில் உண்டா? அவள் காய்கறிக் கடையில் தூங்கினாள், சண்டை போடும்போதே தூங்கினாள். ஒருநாள் ஓடுகிற மெஷின் மேலேயே சாய்ந்ததில் ஊசி விரலைத் துளைத்துவிட்டது.

மாஸ்டர் மிரண்டுபோய் வயரை உருவச் சொன்னார். உருவியதும் வைப்பர் வெறும் வைப்பரானது. அவளும் பழையபடி கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ஒருமுறை ருசி கண்ட தூக்கம் போனதால் இந்த முறை தைக்கக்கூட மனம் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, மாஸ்டரும் கறுப்பு டேப்பும் காருக்குப் பக்கத்தில் நின்ற வேளையில் வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, அந்த வயர திரும்ப மாட்டச் சொல்லுங்க."

"மாட்டுறேன்க்கா. ஆனா இது செத்த பிளாஸ்டிக்கு. ராத்திரி மாட்டி காலைல கழட்டுற வேலையெல்லாம் ஆகாது. மாட்டுனா மாட்டுனதுதான்" என்றார் கறுப்பு டேப்.

"வயித்துப் பொழப்பே இந்த வண்டிதானேம்மா. மழை வந்தா நான் என்ன பண்றது?" என்றார் மாஸ்டர்.

"தலைய வெளிய நீட்டி ஓட்டுங்க. சிகரெட் தாள வெச்சு வண்டி ஓட்டுன ஆளுதான நீங்க?"

கறுப்பு டேப் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பாக்ஸுக்குள் தலையை விட்டார். வயர் ஏறியது. வைப்பரின் குமிழைக் கழற்றி அவள் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். படுக்கப் போகும்போது மட்டும் அதை மாஸ்டரிடம் கொடுப்பாள்; அவர் போய்த் திருகிவிட்டு வருவார். வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே கிடக்கும். பாட்டரி இறங்கிவிட்டால் அந்த வீட்டில் விடிந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பருக்கும் தூக்கத்துக்கும் எப்படித் தொடர்பு என்று மாஸ்டருக்கு இன்றுவரை மண்டைக் குழப்பம்தான். கறுப்பு டேப்புக்கோ கேட்டாலே கோபம்.

அடுத்த மழைக்காலத்தில், தலை நனையத் தெருவை எட்டிப் பார்த்து ஓட்டிவந்த மாஸ்டரைச் சந்திப்பில் போலீஸ்காரர் மறித்தார்.

"என்ன மாஸ்டர், வைப்பர் போடல?"

"வீட்ல அடுப்புல பால் வெச்சிருப்பா, சார்."

ஊருக்கே தெரிந்த கதைதான்; போலீஸ்காரர் மணி பார்த்தார். ஆமாம், அந்த நேரம்தான். தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை ஒரு துடை துடைத்து, பின்னால் நின்ற லாரியை ஒதுங்கச் சொல்லி, வழிவிட்டார்.